காசு வாங்காத வழக்கறிஞரிடம் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு 11 வயது, இளையவளுக்கு 7. கணவர் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடங்களுக்கு முன் எங்களை விட்டுப் போய் ஓசூரில் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார். ஒரு ரூபாய் அனுப்புவதில்லை. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட இங்குள்ள ஒரு வக்கீலிடம் போன வருடம் 3,000 ரூபாய் கொடுத்தேன். வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னும் வழக்கே போடவில்லை. மேலும் 15,000 கொடுக்க வேண்டும், பணம் வந்தால் அதில் கால் பங்கு தர வேண்டும் என்கிறார். திருமணப் பதிவுச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றும் அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. என் தங்கை சென்னையில் சமையல் வேலை செய்யும் வீட்டில் ஒரு அம்மா பெரிய சட்ட நிறுவனத்தில் இருக்கிறார். "எங்கள் நிறுவனத்தில் ப்ரோ போனோ என்று ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் வழக்கு நடத்துகிறோம், நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொன்னாராம். என் அண்ணனோ, "ஓசி வக்கீல் கேஸைக் கவிழ்த்துவிடுவான்" என்கிறார். அவர்களை நம்பலாமா? கோர்ட்டிலேயே இலவச வக்கீல் தருவார்கள் என்கிறார்களே, அது நல்லதா? காசு கொடுக்காமல் வழக்கு நடத்தினால் நாம் அவரிடம் ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் கூச்சத்தோடு கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கேட்க முடியும். கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் இருந்ததால் ஒரு பெண் என்ன இழந்தார் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் என் தவறும் உண்டு.

2009-ஆம் ஆண்டு. நீங்கள் கேட்ட அந்த இலவச வக்கீலைத் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் நான் இருந்தேன். பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணின் ஜீவனாம்ச வழக்கை என்னிடம் ஒப்படைத்தார்கள். வாய்தாவுக்கு வாய்தா ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பார். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். கணவர் கூலி வேலை செய்வதாகச் சொன்னார். மாதம் 1,500 ரூபாய் தரும்படி உத்தரவானது. உத்தரவு நகல் வாங்கப் போன அன்று, ரேஷன் அட்டையை எடுக்கப் பையைத் திறந்தார். அதிலிருந்து இரண்டு டெம்போக்களின் ஆர்.சி. புத்தக ஜெராக்ஸ் கீழே விழுந்தது. இரண்டும் கணவர் பெயரில். "இதை ஏன் அம்மா முன்பே காட்டவில்லை?" என்று கேட்டேன். "காசு கொடுக்காதவள் எந்த வாயால் பேசுவது, கண்ணு? உங்களுக்கு வேலை இருக்கும் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

தொகையை உயர்த்தக் கேட்டு மறுபடி மனுப் போட்டு, 14 மாதம் அலைந்து, 4,000 வாங்கினோம். அந்த 14 மாதமும் வீண். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது என்னிடம் வருகிறவர்களை உட்காரவைத்து, கொண்டுவந்த பையை மேசைமேல் கொட்டச் சொல்கிறேன்.

அதனால் உங்கள் அண்ணன் சொன்ன அந்த 'ஓசி' என்ற சொல்லை வீட்டுக்குள் விடாதீர்கள். வசதியில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி தரும் கடமையை அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு அரசின்மேல் வைத்திருக்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 1978-இல் ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், இது அரசின் கடமை, தர்மம் அல்ல என்று தெளிவாக எழுதினார். கட்டணம் முழுமையாகத் தர முடியாதவருக்கும் சட்ட உதவி பெற உரிமை உண்டு, தன் சக்திக்கு உட்பட்டு அந்த உதவியைச் செய்வது வழக்கறிஞரின் தலையாய கடமைகளில் ஒன்று என்று வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளே சொல்கின்றன. வக்காலத்தில் உங்கள் கையெழுத்து விழுந்ததும் அவர் உங்கள் வழக்கறிஞர். கட்டணம் யார் கொடுக்கிறார்கள், கொடுக்கிறார்களா இல்லையா என்பதால் அவருடைய பொறுப்பு ஒரு அணுவும் குறையாது.

இனி அவசரமான விஷயம். உங்கள் சான்றிதழ்கள்.

கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. அவருக்குப் பணம் வர வேண்டியிருந்தால் சட்டப்படி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். குழந்தைகளின் பிறப்புச் சான்றை அடமானமாக வைத்திருக்க முடியாது. கால் பங்கு கேட்டதும் தவறு. வழக்கின் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவதையும், வருகிற பணத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. குழந்தைகளின் சாப்பாட்டுக்கு வருகிற பணத்தில் நாலில் ஒரு பங்கு! இந்தத் தொழிலில் இருப்பவளாக இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "நான் கொடுத்த திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றுகள், கையெழுத்திட்ட வக்காலத்து ஆகியவற்றைத் திருப்பித் தரவும், என் சார்பில் வழக்கு எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பதிவு செய்த விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தத் தபாலே வேலையை முடித்துவிடும். முடியாவிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்க அந்த நகலும் ஒப்புகையும் போதும். வழக்கை அதுவரை நிறுத்திவைக்க வேண்டாம். அந்தச் சான்றுகளின் சான்றிட்ட நகல்களைப் பதிவு செய்த அலுவலகங்களிலேயே மறுபடி வாங்கலாம்.

சென்னை நிறுவனத்தைப் பற்றி. 'ப்ரோ போனோ' என்பது லத்தீன் சொற்றொடர். பொது நன்மைக்காக என்று பொருள். பெரிய சட்ட நிறுவனங்களில் வழக்கறிஞர்கள் தங்கள் நேரத்தில் ஒரு பகுதியை இப்படிக் கட்டணமில்லாமல் கொடுக்கிறார்கள். கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களுக்கும், விசாரணைக் கைதிகளாகவே வருடக்கணக்கில் சிறையில் கிடப்பவர்களுக்கும் இந்த வழியில் நல்ல வழக்கறிஞர்கள் கிடைத்திருக்கிறார்கள். மத்திய அரசும் 2017 முதல் 'நியாய பந்து' என்ற திட்டத்தில் இப்படி முன்வரும் வழக்கறிஞர்களைப் பதிவு செய்து, தேவைப்படுகிறவர்களோடு இணைத்துவிடுகிறது. ஆக அந்த அம்மா சொன்னதில் சூது இருப்பதாக நினைக்க வேண்டாம். வீட்டில் சமைக்கும் பெண்ணின் அக்காவுக்காகத் தானே முன்வந்து பேசியிருக்கிறார், நல்ல மனசு.

ஆனால் நல்ல மனசு மட்டும் வாய்தாவுக்கு வந்து நிற்காது. சென்னையிலிருந்து திருப்பூர் சுமார் 450 கிலோமீட்டர். ஜீவனாம்ச வழக்கு ஒரே நாளில் முடிவதில்லை. சம்மன் சார்பு ஆகாமல், அதாவது அவர் கையில் சேராமல், திரும்பிவரும், நீதிபதி விடுப்பில் இருப்பார், எதிர்த்தரப்பு அவகாசம் கேட்கும். இதற்கெல்லாம் இரவு ரயில் ஏறி ஒரு ஜூனியர் வர வேண்டும். நிறுவனங்களில் இளைய வழக்கறிஞர்கள் வேலை மாறிப் போவதும் அடிக்கடி நடக்கும். அவர் போனதும் உங்கள் கேஸ் கட்டு யார் மேசைக்குப் போகும் என்று தெரியாது. அதோடு கம்பெனி ஒப்பந்தங்களில் கைதேர்ந்தவருக்குக் குடும்பநல நீதிமன்றத்தின் நடைமுறை புதிதாக இருக்கலாம்.

அதனால் தங்கை மூலமாக இவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் யார் வருவார்? கட்டணம் இல்லை சரி, ஜெராக்ஸ், சம்மன் செலவு, பயணச் செலவு யாருடையது? உத்தரவு வாங்குவதோடு நிறுத்திக்கொள்வார்களா, பணத்தை வசூலிக்கும் மனுவையும் நடத்துவார்களா? மிக முக்கியமாக, உங்கள் கணவர் வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி அந்த நிறுவனத்தின் கட்சிக்காரரா? இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், கணவரின் சம்பளத்தை நிரூபிக்க அந்தக் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டை நீதிமன்றத்துக்கு வரவழைக்க வேண்டியிருக்கும். தன் கட்சிக்காரருக்கு எதிராக ஒரு நிறுவனம் அந்த மனுவைப் போட முடியாது. ஒழுங்கான நிறுவனம் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன் தானே சரிபார்த்துக்கொள்ளும். ஒப்புக்கொண்டதைத் தமிழில் ஒரு கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள் என்று தயங்காதீர்கள். கடிதம் எழுதுவது அவர்களுடைய அன்றாட வேலை.

என் கருத்தைக் கேட்டால், திருப்பூரில் நடக்கப்போகும் வழக்குக்குத் திருப்பூர் நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற வழக்கறிஞர்தான் தேவை. அவரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகப் பெறுங்கள். சென்னை அம்மாவின் உதவியை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பநல நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து உங்கள் கணவர் சீராய்வு மனுப் போட்டால் அது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே நிறுவனத்தின் பலம் முழுதும் உங்களுக்குப் பயன்படும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்தோடும் சேர்ந்தே இயங்குகிறது. அதன் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. அன்றாட வேலையைப் பார்க்கும் செயலாளரும் நீதிபதிதான். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு யார் யாருக்கு இலவச உதவி என்று சொல்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. 'பெண் அல்லது குழந்தை' என்றும் தனியாகவே இருக்கிறது. வருமான வரம்பு இவர்கள் யாரும் அல்லாத மற்றவர்களுக்குத்தான். அதாவது நீங்கள் பெண் என்ற ஒன்றே போதும். "வருமானச் சான்று கொண்டு வா, தாசில்தார் கையெழுத்து வேண்டும்" என்று யாராவது உங்களை விரட்டினால், "12-ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லையே" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, மனு எழுதும் செலவு, உத்தரவு நகல் எல்லாமே இந்த உதவியில் அடங்கும். அவர்கள் நியமிக்கும் வழக்கறிஞர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவருக்குரிய கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கிறது.

அண்ணனின் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆணைக்குழு தரும் கட்டணம் குறைவு. பட்டியலில் இருக்கும் சிலர் இந்தக் கட்டுகளைக் கடைசியில்தான் திறக்கிறார்கள். அதே பட்டியலில் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து சட்ட உதவி வழக்குக்குக் குறுக்கு விசாரணைக் கேள்விகள் எழுதுகிறவர்களையும் எனக்குத் தெரியும். உங்களுக்கு யார் வாய்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பணம் கொடுத்துப் பிடித்த வக்கீல் சரியில்லை என்றால் கொடுத்த பணத்தோடு போச்சு. இங்கே வேறு வழக்கறிஞரைத் தரச் சொல்லி முறையிட ஓர் இடம் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்தா தேதி, அன்று என்ன நடந்தது, வழக்கறிஞர் வந்தாரா, அடுத்த தேதி என்ன என்று ஒவ்வொரு முறையும் நாலு வரி எழுதுங்கள். இரண்டு வாய்தா தொடர்ந்து வரவில்லை என்றால், பணம் கேட்டார் என்றால், அந்த நோட்டோடு செயலாளரைப் பாருங்கள். வேறு வழக்கறிஞரை நியமிக்கக் கேளுங்கள். இலவச உதவியில் நடக்கும் வழக்குகளைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று விதியே இருக்கிறது.

வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜீவனாம்சம் கேட்கும் வழியான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாகிவிட்டது. உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான். கணவர் ஓசூரில் இருப்பதால் நீங்கள் ஓசூருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். நீங்கள் சம்பாதிப்பதால் ஜீவனாம்சம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் சம்பளம் உங்களுக்கே போதாது என்றால் உங்களுக்கும் உண்டு. குழந்தைகளுக்கோ அது தனி உரிமை, அம்மா சம்பாதித்தாலும் அப்பாவின் கடமை போகாது.

முதன்மை மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். நோட்டீஸ் சார்பு ஆன நாளிலிருந்து கூடிய வரை 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தள்ளிப்போகலாம். ஆனாலும் மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், இழுத்தடித்துத் தப்பிக்க அவரால் முடியாது. அப்படியென்றால் மனுப் போடாமல் போகும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

அதே தீர்ப்பின்படி இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் உங்கள் வழக்கு நிற்கும். உங்கள் பக்கத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். சனிக்கிழமை சம்பளம் எவ்வளவு, ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் எவ்வளவு, ஆர்டர் இல்லாத மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று உள்ளபடி சொல்லுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, பஸ் எல்லாவற்றுக்கும் மூன்று மாதக் கணக்கை இன்றே எழுத ஆரம்பியுங்கள். அவர் "எனக்கு வேலை இல்லை" என்றுதான் எழுதுவார், பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உடல் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எவ்வளவு என்பதற்கு ஆதாரம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அவர் ஓட்டும் லாரியின் எண், கம்பெனியின் பெயர், எந்த ரூட், வாட்ஸ்அப்பில் வைத்த படங்கள், முன்பு உங்கள் கணக்குக்கு அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு. அந்த மஞ்சள் பையில் கிடந்தது போல உங்கள் பீரோவிலும் ஏதாவது கிடக்கும், தேடுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் அவர் தராவிட்டால் வசூல் மனுவைத் தொகை விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதைத் தாண்டிய பாக்கியை இந்த வழியில் கேட்க முடியாமல் போகும். "தருகிறேன், தருகிறேன்" என்று பேச்சுக்கொடுத்தே அந்த ஒரு வருடத்தைக் கடத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வசூல் மனுவுக்கும் சட்ட உதவி உண்டு.

இந்த வாரத்திலேயே ஒரு ஷிப்ட்டை விட்டுக்கொடுங்கள். காலையில் நீதிமன்றம் தொடங்கும் நேரத்துக்கு வளாகத்துக்குப் போய், சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எது என்று கேளுங்கள். போவதற்கு முன் விவரம் வேண்டுமானால் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அது இந்தியா முழுவதற்குமான சட்ட உதவி எண், கட்டணம் கிடையாது. ஆதார், ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் படம், குழந்தைகளின் பள்ளி அடையாள அட்டை, பழைய வக்கீலுக்கு அனுப்பிய தபாலின் ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தர ஆள் இருப்பார்கள். வெற்றுத் தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்கறிஞரை நியமித்த கடிதம் கைக்கு வந்ததும் அவரைப் போய்ப் பாருங்கள். அவர் நாற்காலியைக் காட்டினால் உட்காருங்கள், பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள்.